தரநிலை ஏற்றமும் கூட்டாட்டமும்: வலொறன்ற் விளையாட்டு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

விளையாட்டை விமர்சனத்துக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. நாடகத்தையும் நாவலையும் நுணுகி ஆராய்வோர்கூட இணையவழி விளையாட்டைப் பொழுதுபோக்கு என்றோ பொழுதுகேடு என்றோ ஒரு சொல்லில் தீர்ப்பளித்து அப்பாற் சென்றுவிடுவர். ஆயின் அளவெட்டியில் இரவு எட்டு மணிக்குப் பின்னர் ஒழுங்கை வழியே நடந்து செல்லும் ஒருவர், ஏதோவொரு வீட்டின் யன்னலூடாக “ஏயிலை மூண்டு பேர், ஏயிலை மூண்டு பேர்” என்ற பதற்றமான குரலைக் கேட்டிருத்தல் கூடும். அவ்வாறு கூவும் இளைஞனோடு சேர்ந்து ஆடும் நால்வருள் ஒருவன் மல்லாகத்தவனாகவும் மற்றொருவன் சென்னைவாசியாகவும் இருக்கலாம். ஏனைய இருவரின் முகத்தையோ உண்மைப் பெயரையோ அவன் ஒருபோதும் அறியப்போவதில்லை. இரவுதோறும் பல மணி நேரத்தை விழுங்குவதும், நட்பை வளர்க்கவும் முறிக்கவும் வல்லதுமான ஒன்றை விமர்சகன் கண்டுகொள்ளாது விடுதல் தகாது என்பதே இக்கட்டுரை எழுந்தமைக்கான நியாயமாகும்.

ஈண்டு எடுத்துக்கொள்ளப்படும் வலொறன்ற், அமெரிக்க நிறுவனமாகிய றயட் கேம்ஸினால் 2020 யூன் 2 ஆம் திகதி வெளியிடப்பட்டது. ஐவர்க்கு ஐவர் மோதுவர். ஒரு சாரார் வெடிபொருளொன்றை நாட்ட முயல்வர், மறுசாரார் தடுப்பர். பன்னிரு சுற்றுகளின் பின் இரு சாராரும் பக்கம் மாறுவர். 13 சுற்றுகளை முதலில் வெல்லும் குழுவே வெற்றி பெறும். நம்மூர்க் கிளித்தட்டை அறிந்தவர்க்கு இதன் அடிப்படை புதியதன்று. கோட்டைக் காப்போரும் கோட்டைக் கடப்போரும் அங்கும் உளர். ஒருவன் அயர்ந்தால் ஒரு வாசல் திறந்துவிடும் என்பது அங்கும் விதி. வேறுபாடு யாதெனின், கிளித்தட்டு முடிந்தபின் எவர் பெயருக்கு எதிரேயும் எண் ஒன்று எழுதப்படுவதில்லை.

இங்கு எழுதப்படுகின்றது. இரும்பு, வெண்கலம், வெள்ளி, பொன், பிளாற்றினம், வைரம், அசென்டன்ற், இம்மோட்டல், றேடியன்ற் என ஒன்பது படிகள். இறுதிப்படி தவிர்ந்த எட்டும் மும்மூன்று பிரிவுகளை உடையன. ஆக, மொத்தம் 25 நிலைகள். எட்டாவது படியின் பெயரை ‘அமரர்’ என மொழிபெயர்க்கலாம் என நண்பர் ஒருவர் கூறினார். நம்மூரில் அப்பட்டம் அந்தியேட்டிக் கல்வெட்டில் மட்டுமே வழங்கப்படுவது என்பதால் அதனைக் கைவிட்டோம். அதுபோலவே ‘தரப்படுத்தல்’ என்னும் சொல்லையும் இக்கட்டுரையில் நான் தவிர்த்துள்ளேன். 1970களில் பல்கலைக்கழக அனுமதியின்பொருட்டுக் கொணரப்பட்ட முறைக்குப் பெயராகிவிட்ட அச்சொல், யாழ்ப்பாணத்தவர் காதில் வெறுங் கலைச்சொல்லாக ஒலிப்பதில்லை. இதில் ஒரு பெரிய முரண் உண்டு. அம்முறையின் வடுவைச் சுமக்கும் சமூகமே மாவட்ட நிலை, தீவு நிலை என்று பிள்ளைகளின் பெறுபேறுகளைப் பதாகையில் எழுதிச் சந்தியிற் கட்டுகின்றது. ராங்க் என்னும் மயக்கத்தைக் கணினி நமக்குக் கற்பித்ததாக எவரேனும் கூறின் அது வரலாற்றுக்குப் பொருந்தாது; நாம் ஏற்கெனவே பயிற்றப்பட்டவர்களாகவே அவ்விளையாட்டினுட் புகுந்தோம்.

இவ்வகைக் கணிப்பீடுகளின் மூலம் சதுரங்கத்தில் உள்ளது. ஹங்கேரியிற் பிறந்து அமெரிக்காவிற் பௌதிகப் பேராசிரியராக விளங்கிய ஆர்பாட் ஈலோ வகுத்த முறையை உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970 இல் ஏற்றது. இருவரது புள்ளிகளுக்கிடையே 200 வேறுபாடு இருப்பின், மேலுள்ளவர் நூறு புள்ளிக்கு 76 அளவில் ஈட்டுவார் என அது எதிர்பார்க்கும். எதிர்பார்ப்பை விஞ்சினால் ஏற்றம், குறைந்தால் இறக்கம். அழகிய முறைதான். ஆனால் சதுரங்கப் பலகையின் எதிரே ஒருவர் மட்டுமே இருக்கின்றார். குழு ஆட்டத்துக்கு இதனை விரித்தபோது சிக்கல் எழுந்தது. மைக்ரோசொவ்ற் ஆய்வாளர்கள் 2000களின் நடுப்பகுதியில் உருவாக்கிய ‘ட்ரூஸ்கில்’ முறை, குழுவின் ஆற்றலை உறுப்பினரது ஆற்றல்களின் கூட்டுத்தொகையாகக் கொண்டது. வலொறன்றும் ஆட்டக்காரர் கண்ணுக்குப் புலப்படாத மதிப்பீடு ஒன்றை ஒவ்வொருவருக்கும் வைத்து, ஒத்த தரத்தினரை எதிரெதிரே நிறுத்துகின்றது. பலர் சேர்ந்து ஈட்டிய வெற்றி, தனித்தனி ஆட்களின் கணக்கில் வரவு வைக்கப்படுகின்றது. உழைப்பு கூட்டுநிலைப்பட்டது, உடைமை தனிநிலைப்பட்டது. இம்முரண்பாடே இவ்விளையாட்டின் மையம் என்பது என் கருத்து.

கூட்டுத்தொகை என்னும் அவ்வெடுகோளை அளவெட்டியான் ஒருவன் எளிதில் ஏற்கமாட்டான். தவில் மேதை தட்சிணாமூர்த்தியும் நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனும் வாழ்ந்த ஊர் இது. கும்பிழாவளைப் பிள்ளையார் கோயில் வீதியில் மேளச்சமா கேட்டு வளர்ந்தவர்க்கு, ஒத்தூதுபவரையும் தாளக்காரரையும் தனித்து நிறுத்தி மதிப்பெண் இட்டால் எதுவும் தேறாது என்பது தெரியும். அவர்களை நீக்கிவிட்டு நாதஸ்வரக்காரரை மட்டும் வாசிக்கச் சொன்னால் அவரும் பாதியாகிவிடுவார் என்பதும் தெரியும். இரு தவில்கள் மோதும்போது ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுப்பதுதான் சுவை. ஐந்து பேரின் கூட்டுத்தொகை ஐந்தாக இருப்பதில்லை. சிலவேளை எட்டு, பலவேளை மூன்று.

இனி, ராங்க் ஏற்றுவது எங்ஙனம் என்று போதிக்கும் காணொளிகளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அவை ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டன. அவற்றுட் பெரும்பாலானவை கையையும் கண்ணையும் பற்றியவை. குறிப்புள்ளியை எப்போதும் தலை மட்டத்தில் வைத்திரு. ஓடிக்கொண்டு சுடாதே, ஓட்டத்தில் குண்டு சிதறும், நின்று சுடு. காலடிச் சத்தம் கேளாவண்ணம் நட. இவை பொய்யல்ல. வண்டல் என்னும் துப்பாக்கியின் ஒரு குண்டு, எத்தூரத்திலும் தலையிற் பட்டால் முழுக் கவசம் அணிந்தவனையும் வீழ்த்திவிடும். ஆகவே தலைமட்டக் குறி என்பது பயிற்சியின் அரிச்சுவடி. ஆயினும் இக்காணொளிகளிற் குழு என்பது மழை வெயில் போல, வாய்த்தால் நன்று, வாய்க்காவிடின் விதி என்றே சித்திரிக்கப்படுகின்றது. “என்ரை ரீம் சரியில்லை” என்னும் ஒப்பாரிக்கு அவை பக்கவாத்தியம் வாசிக்கின்றன.

அவ்வொப்பாரியைக் கணக்கு நிராகரிக்கின்றது. தனியே ஆட்டத்துட் புகும் ஒருவனுக்கு ஒன்பது அந்நியர் வாய்ப்பர். நால்வர் தன் பக்கம், ஐவர் எதிர்ப்பக்கம். பொறுப்பற்றவன் ஒருவன் இவ்வொன்பதின்மருள் எவனாகவும் இருக்கலாம் எனின், அத்தகைய 90 ஆட்டங்களில் அவன் 40 இல் நம்மிடமும் 50 இல் எதிரியிடமும் இருப்பான். நான் மட்டும் பொறுப்புடன் ஆடினால், நீண்ட காலத்தில் அந்நியரின் குறைபாடு எனக்கே சாதகம். எல்லா ஆட்டங்களிலும் மாறாது இருப்பவன் நான் ஒருவனே என்பதனால், ஏறாத தரநிலைக்கான காரணத்தையும் அங்கேதான் தேட வேண்டும். ஏற்றமும் அவ்வளவு எளிதன்று. வெற்றிக்கும் தோல்விக்கும் ஏறத்தாழ 20 புள்ளி எனவும், பிரிவொன்றுக்கு 100 எனவும் கொண்டால், நூறு ஆட்டங்களில் 55 ஐ வென்றவன் இரண்டே பிரிவு ஏறுவான். ஆட்டமொன்றுக்கு 40 நிமிடம் எனின் அதற்குச் செலவு 66 மணி நேரத்துக்கு மேல். ஒரு பருவத்திற் பாடநெறியொன்றுக்கு நாம் விரிவுரை மண்டபத்தில் அமரும் நேரத்தினும் இது கூடியது. இரண்டையும் ஒரே கவனத்தோடு செய்தோமா என்பதை நண்பர்கள் தத்தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்வாராக.

காணொளிகள் அதிகம் பேசாத திறன்கள் வேறு உள. ஒன்று பணச் சிக்கனம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆயுதம் வாங்க வேண்டும். வண்டலுக்கு 2900, முழுக் கவசத்துக்கு 1000. தோற்ற குழு ஒரு சுற்றைச் சேமிப்புக்கென விட்டுக்கொடுத்து, அடுத்ததில் ஐவரும் நிறைந்த ஆயுதத்தோடு இறங்குதல் முறை. நம்மூர்ச் சீட்டுப் போன்றது இது. ஒருவன் பொறுமையிழந்து அச்சுற்றில் தனியே வாங்கிவிட்டால் சீட்டு உடைந்தது போலத்தான். மற்றொன்று இடைவெளி. முதலிற் புகுபவன் வீழ்ந்தால், வீழ்த்தியவனை அக்கணமே வீழ்த்தக்கூடிய தூரத்திற் பின்னால் ஒருவன் வரவேண்டும். அங்ஙனம் ஒருவன் வரும்போது முன்னவனின் சாவு முதலீடு, இல்லாதபோது நட்டம். மூன்றாவது சொல். வீழ்ந்தவன் எதிரி நின்ற இடத்தை மூன்று சொல்லிற் கூறிவிட்டு வாய்மூடுதல் வேண்டும். வசை பாடத் தொடங்கினால், உயிரோடிருப்பவன் காலடிச் சத்தத்தைக் கேட்க முடியாது.

சத்தம் பற்றிப் பேசுகையில் ஒன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. எங்கள் வீட்டிற் காதணி ஒலிவாங்கி இன்றி நான் இவ்விளையாட்டை ஆடுவதில்லை. 1995 ஐப்பசியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது என் தாயாரைக் கையிற் பிடித்துக்கொண்டு நடந்தவர் அம்மம்மா. ஒருநாள் இணைப்புக் கம்பி கழன்று, வெடிச்சத்தம் அறையெங்கும் ஒலித்தது. குசினியிலிருந்து வந்த அவர் “தம்பி, உதை நிப்பாட்டு” என்று மட்டும் கூறிவிட்டு வாசற்படியில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். இவ்விளையாட்டிற் குருதி உண்டு, ஆனால் காயம் இல்லை. சாவு உண்டு, ஆனால் அடுத்த சுற்றில் எல்லோரும் எழுந்துவிடுவர். ஊர் உண்டு, ஊரவர் இல்லை. வெனிசின் சாயலில் அமைந்த அரங்கொன்றிற் சந்தைக்குப் பெயர் இருக்கின்றது, விற்பவர் இல்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்று நமது மண்ணில் வளர்ந்தவன் ஒருகணமேனும் கேட்காதிருக்க முடியாது. இதனாற் கதை போரை ஊக்குவிக்கின்றது என்று கூற நான் வரவில்லை. ஆட்களை அகற்றியபின் எஞ்சும் இடத்தையே அது விளையாட்டுக் களமாக்குகின்றது என்பதே என் மனக்குறை. அக்குறையோடுதான் நானும் ஆடுகின்றேன்.

இன்னொரு குறையும் உண்டு. ஆட்டம் முடிந்ததும் தோன்றும் பட்டியல், வீழ்த்தியோர் தொகையை முன்னிறுத்துகின்றது. சாதாரண மனிதனைக் காவியப் பொருளாக்கிய மகாகவி உருத்திரமூர்த்தி பிறந்த ஊரவனுக்கு அப்பட்டியலின் அடியில் நிற்பவனின் கதை என்ன என்று அறியும் ஆவல் எழுந்திருக்க வேண்டும். எனக்கு எழவில்லை.

சென்ற ஆண்டு நாங்கள் ஐவர், ஒரே ஊரவர், ஒழுங்காகக் கூடி ஆடி வந்தோம். வெள்ளியிலிருந்து பொன்னுக்கு ஏறும் ஆட்டமொன்றில் 11க்கு 13 எனத் தோற்றோம். பட்டியலின் அடியில் நின்றவன் பீ பக்கத்தைக் காத்த நண்பன். இருபத்துநான்கு சுற்றுகளில் ஆறு பேரையே வீழ்த்தியிருந்தான். “மச்சான், நாளைக்கு நீ வராதை, வேறை ஆள் பாப்பம்” என்று எல்லோர் காதிலும் விழக் கூறினேன். அவன் மறுமொழி எதுவும் சொல்லாது இணைப்பைத் துண்டித்தான்.

இரு வாரங்களின் பின், இக்கட்டுரைக்குக் குறிப்பெடுக்கும்பொருட்டு அவ்வாட்டத்தின் பதிவைப் பார்த்தேன். நாம் காத்த பன்னிரு சுற்றுகளில் எதிரிகள் பீ பக்கம் வந்தது இருமுறையே. தொடக்கத்தில் அவன் வைத்த பொறிகளில் இருவர் சிக்கியபின் அவர்கள் அவ்வழியை மறந்தே விட்டனர். அவனது எண் சிறிதானமைக்குக் காரணம் அவன் தன் பணியைச் செய்து முடித்திருந்ததே. மறுபுறம், தோற்ற பதின்மூன்று சுற்றுகளுள் ஒன்பதில் முதலில் வீழ்ந்தவன் நான். ஒன்பதிலும் என் பின்னால் எவரும் இல்லை. வரச் சொல்லி நான் எவரையும் அழைக்கவும் இல்லை.

இவ்விளையாட்டிற் கூடிப் புகுவோர்க்கு ஒரு விதி உண்டு. தரநிலை ஆட்டத்துக்குத் தனியாகவோ, இருவராகவோ, மூவராகவோ, ஐவராகவோ செல்லலாம். நால்வராகச் செல்ல இயலாது. நால்வர் தமக்குள் அறிந்தவராக, ஐந்தாமவன் மட்டும் அந்நியனாக அகப்படின் அவன் படும்பாட்டை எண்ணியே அவ்விதி செய்யப்பட்டதென்பர். அவனை விலக்கிய மறுநாள் இரவு நாங்கள் நால்வராயிருந்தோம். எங்களுள் இன்னொருவனும் விலகினாலன்றி எவரும் உள்ளே செல்ல முடியவில்லை. யார் விலகுவது என்று பேசிக்கொண்டே பத்து மணியாயிற்று. பதிவின் பிரதியொன்றை நேற்றுத்தான் அவனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று தெரிகின்றது, பதில் இன்னும் வரவில்லை.