டிஜிபின்: பத்து எழுத்தில் ஒரு விலாசம்

13.0827, 80.2707. சென்னைக்கு வழக்கமாகத் தரப்படும் அட்சரேகை, தீர்க்கரேகை இது. அஞ்சல் துறையின் டிஜிபினாக மாற்றினால் கிடைப்பது 4டி3-84எல்-எல்5எல்9. ஆங்கில எழுத்துகளை வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன். காரணம் உண்டு.

ஐஐடி ஹைதராபாத், இஸ்ரோவின் என்ஆர்எஸ்சி ஆகியவற்றோடு சேர்ந்து அஞ்சல் துறை உருவாக்கி, 2025 மே மாதம் வெளியிட்டது இது. 1972 முதல் நாம் எழுதிவரும் பின்கோடு ஊரை, அதிகம் போனால் பேட்டையைச் சொல்லும். டிஜிபின் வாசற்படியைச் சொல்கிறது. பின்கோடும் தொடரும், இது கூடுதல் வசதி.

இணையப் பக்கத்தைத் திறந்து, இருப்பிட அனுமதி கொடுத்தால் எழுத்துகள் உடனே வந்துவிடுகின்றன. கணக்கும் எளிது. அட்சரேகை 2.5 முதல் 38.5 வரை, தீர்க்கரேகை 63.5 முதல் 99.5 வரை 36 டிகிரிச் சதுரம் ஒன்று. அதற்குள் இந்தியாவும் சுற்றியுள்ள கடலும் அடங்கும். அதைப் பதினாறு கட்டமாக்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. விழுந்த கட்டத்தை மறுபடி பதினாறாக்கி அடுத்த எழுத்து. இப்படிப் பத்து முறை. ஆறு எழுத்தில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்க் கட்டம். பத்தாவதில் தெற்கு வடக்காக 3.8 மீட்டர். அகலம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும்: கன்னியாகுமரியில் 3.8 மீட்டர், ஸ்ரீநகரில் 3.2.

பெரிய தரவுத்தளம் எதுவும் பின்னால் இல்லை. நிரல் பொதுவில் இருக்கிறது. சென்னையின் பத்து எழுத்தையும் தாளில் வகுத்துப் பெருக்கிப் பார்த்தேன், சரியாக வந்தது. மலைக்கிராமத்தில் சிக்னல் இல்லாவிட்டாலும் போனுக்குள்ளேயே இந்த மாற்றம் நடக்க முடியும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கதவிலக்கமே இல்லாத களத்துமேட்டுக்கும் பம்புசெட்டுக்கும் ஆம்புலன்ஸை வரவழைக்க இதைவிட மலிவான வழி தோன்றவில்லை.

எண்களை நீங்களே தட்டுவதானால் ஒரு எச்சரிக்கை. பழைய வரைபடத்தில் 13 டிகிரி 5 நிமிடம் என்றிருப்பதை 13.05 என்று இடக் கூடாது, அது 13.0833. அப்படியே இட்டால் 3.7 கிலோமீட்டர் தெற்கே போய் நிற்பீர்கள். பக்கமும் மறுபேச்சில்லாமல் ஒரு குறியீட்டைத் தந்துவிடும்.

இனி குறைகள். சுழியத்தையும் ஒன்றையும், அவற்றோடு குழப்பக்கூடிய எழுத்துகளையும் விலக்கியது கண்ணுக்கு நல்லது. காதுக்கு? மிச்சமிருப்பவற்றில் சி, பி, டி மூன்றும் உண்டு. கொரியர் தம்பியிடம் போனில் சொன்னால், "அண்ணே, டியா பியா? டி ஃபார் டைகரா?" என்றுதான் பேச்சு ஓடுகிறது. சென்னைக் குறியீட்டின் இரண்டாம் எழுத்தான டி, பியாகக் கேட்டுவிட்டால் இடம் 2.25 டிகிரி மேற்கே நகர்ந்து கோலார் பக்கம் போய்விடும். கடைசி எழுத்தில் இதே பிழை நேர்ந்தால் பக்கத்துக் கட்டம், அவ்வளவுதான். பிழையைப் பிடித்துக்கொடுக்கும் சரிபார்ப்பு எழுத்து இதில் இல்லை. இன்னும் ஓர் எழுத்து கூடியிருந்தால் யாரும் அழுதிருக்க மாட்டார்கள்.

இன்னொரு சங்கதி தமிழ்நாட்டுக்காரர்களுக்கு. மாநிலம் முழுவதற்கும் முதல் எழுத்து 4 அல்லது எம். 11.5 டிகிரிதான் எல்லை. சேலம், கடலூர் 4. ஈரோடு, சிதம்பரம் எம். அந்தக் கோடு நெய்வேலிப் பக்கம் 79.5 தீர்க்கரேகையைத் தொடும் இடத்தில் ஒரு வரப்பு ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வடக்கு ஓரம் 4டிஎல்-எம்டிஎல்-எம்டிஎல்எம்; தெற்கு ஓரம் எம்8எஃப்-சி8எஃப்-சி8எஃப்சி. நடுவே நாலடி கூட இராது. பத்தில் ஓர் எழுத்து கூடப் பொருந்தவில்லை! முன்னெழுத்துகள் ஒன்றாக இருந்தால் இடங்கள் பக்கத்தில் என்பது உண்மை. வேறாக இருந்தால் தூரம் என்று முடிவுகட்ட முடியாது. டெலிவரி நிறுவனங்கள் முன்னெழுத்தை வைத்துப் பார்சல் பிரித்தால் இங்கேதான் மாட்டும்.

நில அளவையாளர் பயன்படுத்தும் யூடிஎம் கட்டத்திலும் தையல் உண்டு. 78 டிகிரிக் கோட்டில் 43ஆம் மண்டலம் முடிந்து 44 தொடங்குகிறது. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு வரும் வழியில் கிழக்கு எண் ஏறத்தாழ 8,29,000இலிருந்து 1,71,000க்கு விழும். ஆனால் ஒரே மண்டலத்துக்குள் இரண்டு புள்ளிகளைக் கழித்தால் தூரம் மீட்டரில் வந்துவிடும். டிஜிபினில் கழிக்க எதுவுமில்லை. அட்சரேகைக்குத் திருப்பிவிட்டுத்தான் கணக்கு. திருப்பினாலும் கட்டத்தின் மையம்தான் கிடைக்கும், நீங்கள் முதலில் கொடுத்த புள்ளி அல்ல.

போனின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளாடும், கட்டமோ நாலு மீட்டர். ஆகவே கூடத்தில் ஒன்று, அடுக்களையில் ஒன்று வரும். வீட்டுக்குள் எடுக்காதீர்கள், வாசலில் நின்று, செயற்கைக்கோள் படத்தில் கேட்டின் மேல் விரல் வைத்து எடுங்கள். அடுக்குமாடியில் எல்லா மாடிக்கும் ஒரே குறியீடுதான். வீட்டு எண்ணைத் தனியே சொல்லியே ஆக வேண்டும்.

கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கலாம், தோட்டத்துக் கேட்டில் பெயின்ட்டால் எழுதலாம். பத்திரம், அளவை, கிணற்றுப் பதிவு போன்றவற்றுக்கு ஐந்து தசம இடங்களோடு அட்சரேகை, தீர்க்கரேகையையே வைத்துக்கொள்ளுங்கள். டிஜிபின் வேண்டும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.