ஐந்து பாடங்களும் ஒரு பேனாக்கத்தியும்

கோல்ஃப் ஆடக் கற்றுக்கொடுக்கும் புத்தகங்களைப் பற்றி எழுத எனக்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு. நான் கோல்ஃப் ஆடுகிறவன் அல்ல. ஆடுகிறவர்கள் இந்தப் புத்தகங்களைப் படிப்பதில்லை. வயிற்றுவலிக்காரன் மருந்துச் சீட்டைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். எனக்கு வலி இல்லை. ஆகவே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை, நாவல் படிப்பதுபோல, நிதானமாகப் படிக்க முடிந்தது.

புத்தகங்கள் என்னுடையவையும் அல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் ஒரு நண்பருடையவை. ஐம்பது வயதுக்குமேல் அவருக்கு இந்த ஆட்டத்தில் பித்துப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை பால்காரன் வருவதற்கு முன்பே புறப்பட்டு, ஒரு அங்கத்தினரின் விருந்தாளியாக நந்தனத்திலுள்ள காஸ்மாபாலிட்டன் கிளப் மைதானத்துக்குப் போய்விடுவார். ஒரு வருஷம் சந்தோஷமாக ஆடினார். அப்புறம் புத்தகம் வாங்க ஆரம்பித்தார்.

அவருடைய வியாதியின் பெயர் ஸ்லைஸ். பந்து புறப்படும்போது நேராகத்தான் புறப்படும். பாதி வழியில் மனம் மாறி வலது பக்கம் வளைந்து மரத்தடியில் போய் ஒளிந்துகொள்ளும். உலகத்தில் ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப்காரர்களில் பெரும்பாலோருக்கு இதே வியாதிதான். எதிர் வியாதிக்குப் பெயர் ஹுக். அதில் பந்து இடது பக்கம் வளையும். அது கொஞ்சம் கெட்டிக்காரர்களுக்கு வருகிற வியாதி. இந்த இரண்டு சொற்களையும் வாசகர் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இந்தத் துறையின் இலக்கியச் சண்டைகளில் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

புத்தகங்களில் பெரிய புத்தகம் பென் ஹோகனுடைய ‘ஐந்து பாடங்கள்’. 1957-ல் ஓர் அமெரிக்க வாரப் பத்திரிகையில் தொடராக வந்து, அதே வருஷம் புத்தகமாயிற்று. எழுத்துக்கு உதவியவர் ஹெர்பர்ட் வாரன் விண்ட். படங்கள் ஆண்டனி ராவியெல்லி. இந்தப் படங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கையின் ஒவ்வொரு தசைநாரும் தெரிகிறது. உடற்கூறு பாடப்புத்தகத்தின் கண்டிப்பும் சிற்பத்தின் அழகும் சேர்ந்திருக்கின்றன. இரண்டு தோள்களின்மேலும் சாய்ந்து பந்துவரை சரிந்து நிற்கும் ஒரு கண்ணாடிப் பலகை, அதில் தலைக்கு மட்டும் ஓட்டை, பலகையை உடைக்காமல் கிளப்பைத் தூக்க வேண்டும் என்று ஒரு படம். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். நல்ல உவமை அப்படித்தான் செய்யும். நண்பர் ஆறு மாசம் கழுத்தைச் சுற்றிக் கண்ணாடியோடு நடமாடினார்.

ஹோகனின் நடையில் எனக்கு மரியாதை உண்டு. வளவளப்பு இல்லை, தமாஷ் இல்லை. 1949-ல் அவருடைய கார்மேல் ஒரு பஸ் நேருக்குநேர் மோதியது. இனி நடப்பாரா என்று இருந்தவர் 1950-ல் அமெரிக்க ஓபன் பந்தயத்தை ஜெயித்தார். 1953-ல் ஒரே வருஷத்தில் மூன்று பெரிய பந்தயங்களை ஜெயித்தார். அப்படிப்பட்டவர் ‘இது இப்படித்தான்’ என்று எழுதும்போது எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது. சாமான்ய தேகமுள்ள எவனும் இந்த அடிப்படைகளைப் பிடித்துக்கொண்டால் எண்பதுக்குள் ஆட்டத்தை முடிக்கலாம் என்கிறார். விஞ்ஞானியின் குரல் அது.

ஆனால் இது விஞ்ஞானம் அல்ல, சுயசரிதம் என்பதுதான் என் அபிப்பிராயம். இளமையில் ஹோகனை அலைக்கழித்தது ஹுக். இடப்பக்கம் வளையும் பந்தினால் வருஷக்கணக்கில் பணமும் தூக்கமும் இழந்தவர் அவர். அந்தப் பேயை ஓட்டத்தான் கைப்பிடியை இடது பக்கமாகத் தளர்த்தினார், இடது கட்டைவிரலை இடம் மாற்றினார், மணிக்கட்டைப் புது விதமாக மடக்கினார். புத்தகத்தின் முதல் பாடம் கைப்பிடி. அந்தக் கைப்பிடி ஹுக்கினால் அவதிப்பட்ட ஒருவன் தனக்காகக் கண்டுபிடித்த மருந்து. ஸ்லைஸ் அடிக்கிறவன் அதைச் சாப்பிட்டால் என்ன ஆகும்? வலது பக்கம் போன பந்து இன்னும் வலது பக்கம் போகும். நண்பருக்கு அதுதான் ஆயிற்று.

இதில் வேடிக்கை, ஹோகனுக்கே இது தெரியாமல் இல்லை. 1955-ல் ‘லைஃப்’ பத்திரிகையில் தம்முடைய ரகசியம் இன்னது என்று வெளியிட்டபோது, சாமான்ய ஆட்டக்காரனுக்கு இதனால் பிரயோஜனம் இல்லை, கெடுதல்கூட வரலாம் என்ற பொருளில் அவரே எச்சரித்திருக்கிறார். இரண்டு வருஷம் கழித்து வந்த புத்தகத்தில் அந்த ரகசியத்துக்கு இடமில்லை. கைப்பிடி மாத்திரம் தங்கிவிட்டது. ஒரு கதாசிரியன் தன் கதையிலிருந்து கதாநாயகனின் நோயை நீக்கிவிட்டு அவன் சாப்பிட்ட மருந்தை மட்டும் வைத்திருந்தால் விமரிசகர்கள் சும்மா விடுவார்களா?

அடுத்தது எர்னஸ்ட் ஜோன்ஸ். ஆங்கிலேயர். முதல் உலக யுத்தத்தில், 1916-ல், வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். ஒற்றைக் காலில் நின்று அடித்துப் பார்த்தார். பந்து பழையபடியே போயிற்று. கால், இடுப்பு, தோள் என்று தனித்தனியாகப் பாடம் சொல்லுகிற ஆசிரியர்களின் பேரில் அன்றைக்கே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிறகு அமெரிக்காவுக்குப் போய் நியூயார்க்கில் நான்கு சுவருக்குள் நெடுங்காலம் பாடம் நடத்தினார். கைக்குட்டையின் ஒரு முனையில் பேனாக்கத்தியைக் கட்டி ஊஞ்சல்போல் ஆட்டிக் காட்டுவார். ஒழுங்காக வீசினால் கைக்குட்டை விறைப்பாக நிற்கும். வெடுக்கென்று இழுத்தால் தொய்ந்துபோகும். கிளப்பின் தலையை வீசு, மற்ற அங்கங்கள் தாமாக வந்து சேரும் என்பதுதான் அவருடைய மொத்த உபதேசமும். 1952-ல் வந்த அவருடைய புத்தகம் இந்த ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறது. புத்தகமாகப் பார்த்தால் அலுப்புத்தான். ஆனாலும் நண்பரின் அலமாரியில் பொய் மிகக் குறைவான புத்தகம் அதுவே.

இனி ஹோகனையும் ஜோன்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிளப் கீழிறங்கும்போது முதலில் திரும்ப வேண்டியது இடுப்பு என்கிறார் ஒருவர். இடுப்பை நினைக்கவே நினைக்காதே என்கிறார் மற்றவர். பெர்ஸி பூமர் என்ற இன்னொருவர் 1942-ல், பீப்பாய்க்குள் நின்றுகொண்டு திரும்புவதாகக் கற்பனை செய் என்றார். கழுத்தில் கண்ணாடி, இடுப்பில் பீப்பாய், கையில் பேனாக்கத்தி. இத்தனையும் சுமந்துகொண்டு ஒரு மனிதன் பந்தை அடிக்க வேண்டும். கிளப் மேலிருந்து பந்துக்கு வந்து சேரக் கால் விநாடிபோல்தான் ஆகிறது. பந்தும் கிளப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த இடைவெளியில் ஒரு வாக்கியத்தைக்கூட நினைத்து முடிக்க முடியாது.

முரண்பாடுகளில் சில வெறும் தவறுகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிளப் வீசப்படும் பாதையில் பந்து புறப்படும், கிளப்பின் முகம் பார்க்கும் திசைக்குப் பிறகு வளையும் என்று நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். சாம்பியன்களும் எழுதினார்கள். பிரிட்டனில் விஞ்ஞானிகள் அளந்து பார்த்து, 1968-ல் காக்ரன், ஸ்டப்ஸ் என்ற இருவர் எழுதிய புத்தகத்தில் விஷயம் நேர்மாறு என்று காட்டினார்கள். பந்து பெரும்பாலும் முகம் பார்க்கும் திசையில் புறப்படுகிறது. பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசந்தான் அதை வளைக்கிறது. இந்த நூற்றாண்டில் ராடார் கருவிகள் வந்த பிறகே ஆசிரியர்கள் பலர் ஒப்புக்கொண்டார்கள். பழைய சூத்திரத்தை நம்பி, குறுக்கே நிற்கும் மரத்தைச் சுற்றிப் பந்தை அனுப்ப நினைத்தவன் கிளப் முகத்தைக் குழிக்கு நேராகவே வைத்திருப்பான். பந்து நேரே போய் மரத்தில் மோதியிருக்கும். அப்படியானால் அந்தச் சாம்பியன்கள் எப்படி மரத்தைத் தாண்டினார்கள்? எழுதியது ஒன்று, கை செய்தது வேறொன்று. இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. தாம் எப்படி நாவல் எழுதுகிறோம் என்று நாவலாசிரியர்கள் எழுதியிருக்கும் கட்டுரைகளையும் நான் படித்திருக்கிறேன்.

தவறுகளைக் கழித்துவிட்டாலும் முரண்பாடு தீருவதில்லை. மிச்சம் இருப்பதைப் புரிந்துகொள்ள ஹார்வி பெனிக்கிடம் போக வேண்டும். அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்துக்காரர். எட்டு வயதில் பிறருடைய கிளப்புகளைச் சுமக்கப் போனவர், அதே கிளப்பில் தலைமை ஆசிரியரானார். அந்த வேலைக்குக் கேடி என்று பெயர். நம் ஊரில் அந்தச் சொல்லுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் வேறு அர்த்தம். கோல்ஃப் மைதானத்தில் கௌரவமான அர்த்தம். பெனிக் அறுபது வருஷங்களாக ஒரு சிவப்பு நோட்டில் குறிப்பு எழுதி, மகனைத் தவிர ஒருவரிடமும் காட்டாமல் வைத்திருந்தார். 1992-ல், எண்பத்தேழு வயதில், அது அச்சாயிற்று.

அவரிடம் சிறுவயதில் படித்த இருவர் டாம் கைட், பென் கிரென்ஷா. ஒருவருக்கு நடக்கும் பாடத்தை மற்றவர் பார்க்க அவர் விடமாட்டார். ஒரே ஆசிரியர், ஒரே மைதானம், ஏறக்குறைய ஒரே வயது; ஆனாலும் ஒருவனுக்குச் சொன்னது மற்றவன் காதில் விழக் கூடாது. கைட் 1992-ல் அமெரிக்க ஓபன் ஜெயித்தார். கிரென்ஷா 1995-ல், குருவை அடக்கம் செய்த சில நாட்களுக்குள், மாஸ்டர்ஸ் பந்தயத்தை ஜெயித்தார்.

நம் வைத்தியர்களுக்கு இது புதிதல்ல. ஒரே சூரணத்தை ஒருவனுக்குத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள், ஒருவனுக்கு நெய்யில், ஒருவனுக்கு வெந்நீரில். அதற்கு அனுபானம் என்று பெயர். மருந்து நோய்க்கு, அனுபானம் ஆளுக்கு. நண்பரின் பட்டறையிலும் இதே நியாயந்தான். மைல்ட் ஸ்டீலைக் கடையும்போது கூலன்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வார்ப்பிரும்பை உலரக் கடைய வேண்டும். பித்தளைக்கு வெட்டுளியின் முகத்தைச் சரிவில்லாமல் தட்டையாகத் தீட்ட வேண்டும். ஸ்டீலுக்குச் சரிவு வேண்டும். இரண்டு ஃபோர்மன்கள் எதிரெதிராக உத்தரவு போட்டால் அவர் குழம்ப மாட்டார், சக்கில் மாட்டியிருப்பது என்ன உலோகம் என்றுதான் முதலில் கேட்பார். முப்பது வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர், கோல்ஃப் புத்தகத்தைத் திறந்ததும் கேட்க மறந்துவிட்டார். தப்பு அவருடையது மட்டும் அல்ல. புத்தகம் யாருக்கு எழுதிய கடிதம் என்று அட்டையில் போடுவதில்லை. விலாசம் இல்லாத கடிதத்தை யாரும் பிரித்துப் படிக்கலாம் அல்லவா?

அவர் ஆட்டத்தையே விட்டுவிடுவதாக இருந்தார். கிளப்புகளை விற்க ஆள்கூடப் பார்த்துவிட்டார். மனுஷருக்கு அந்த ஞாயிறு காலைகள் எவ்வளவு வேண்டியிருந்தன என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. திங்கள் முதல் சனிவரை அவருடைய சப்தமெல்லாம் இரும்பின் சப்தம். கடைசியாகக் கேடிப் பையன் ஒருவன், “சார், இடது கையைக் கொஞ்சம் வலப் பக்கமாத் திருப்பிப் புடிங்க. வேற எதையும் தொடாதீங்க” என்றான். ஹோகன் சொன்னதற்கு நேர் எதிரான யோசனை. பந்து அடங்கிற்று. பையன் ஹோகனைவிடப் பெரிய ஞானி என்று நான் சொல்லவரவில்லை. ஹோகன் நண்பரைப் பார்த்ததில்லை. பையன் ஒரு வருஷமாக அவர் பின்னாலேயே நடந்தவன்.

கேடிகளின் இந்தப் பார்வைக்கு நம் நாட்டில் பெரிய சரித்திரம் உண்டு. 1991-ல் இந்தியன் ஓபனை ஜெயித்த அலி ஷேர், 2009-ல் ஜெயித்த பெங்களூர் முனியப்பா இருவரும் கிளப் சுமந்தவர்கள். 2016, 2017 இரண்டு வருஷமும் ஜெயித்த சௌராசியா, ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவரின் பிள்ளை. பார்த்துப் பார்த்தே கற்றவர். இதை வைத்து ஏழ்மையே நல்ல ஆசான் என்று கவிதை பாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மைதானம் அங்கத்தினர்களுடையது, கிளப்பும் அவர்களுடையது; கண் ஒன்றுதான் சொந்தம். வேறு வழியில்லாததால் கண்ணை உபயோகித்தார்கள். எத்தனையோ பேருக்கு அதுவும் பிரயோஜனப்படாமல் சுமந்தபடியே வயதாகிவிட்டது.

டிமோதி கால்வேயின் 1981-ம் வருஷத்துப் புத்தகம், மனசுக்குள் ஓயாமல் உத்தரவு போடும் குரலை அடக்கச் சொல்கிறது. விஷயம் சரி, அதைச் சொல்ல அத்தனை பக்கம் வேண்டாம். அதைவிட கேப்ரியெல் வூல்ஃப் என்ற ஆராய்ச்சியாளரும் சகாக்களும் 1999-ல் வெளியிட்ட ஒரு சிறு பரிசோதனை எனக்குப் பிடித்திருக்கிறது. கோல்ஃப் அறியாதவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டத்தைக் கைகளின் வீச்சைக் கவனிக்கச் சொன்னார்கள், மற்றதைக் கிளப்பின் வீச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். கிளப்பைக் கவனித்தவர்களே குறிக்கு அருகில் அடித்தார்கள். ஒற்றைக் கால் ஜோன்ஸ் கைக்குட்டையில் கட்டிக் காட்டியது அதுதான்.

ஹோகனின் புத்தகத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மறுபதிப்புப் போடுகிறவர்கள் முதல் பாடத்துக்கு முன்னால் அரைப் பக்கம் சேர்க்கலாம்: இந்த ஆசிரியருக்கு இன்ன வியாதி இருந்தது, இன்ன வருஷத்தில் குணமாயிற்று என்று. ஜோன்ஸின் காலைப் பற்றிச் சொன்னால்தான் அவருடைய பிடிவாதம் புரிகிறது. அதே மரியாதையை ஹோகனின் ஹுக்குக்கும் கொடுத்திருந்தால், கண்ணாடிப் பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுமுன் நண்பர் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருப்பார்.