இணைவும் பிரிவும்: விசுவநாதன் – இராமமூர்த்தி தனிவழி இசைப்பணிகள் ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

தமிழ்த் திரையிசையில் 1952 முதல் 1965 வரை இணைந்து பணியாற்றியவர்கள் எம்.எஸ்.விசுவநாதனும் டி.கே.இராமமூர்த்தியும் ஆவர். 1965இல் வெளிவந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்திற்குப் பின்னர் இருவரும் தனித்தனியே இசையமைத்தனர். விசுவநாதன் தனித்து நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். இராமமூர்த்தியின் தனிப்படங்கள் இருபதளவில் நின்றன. இந்த எண்ணிக்கையைச் சான்றாகக் காட்டி, இணைந்திருந்த காலத்துப் பாடல்களும் பெரிதும் விசுவநாதனுடையனவே என்று முடிவுகட்டும் போக்கு உண்டு. அம்முடிவு பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இணைவின் இயல்பு

இராமமூர்த்தி 1922இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். விசுவநாதன் 1928இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தவர். சி.ஆர்.சுப்பராமனின் இசைக்குழுவில் முன்னவர் வயலினும் பின்னவர் ஆர்மோனியமும் வாசித்தனர். 1952இல் சுப்பராமன் மறைந்தபோது, அவர் முடிக்காது விட்ட பணிகளை இருவரும் நிறைவுசெய்தனர். அவ்வாண்டிலேயே என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ படத்திற்கு இணைந்து இசையமைத்தனர்.

கூட்டுப்படைப்பு தமிழ் மரபிற்குப் புதிதன்று. இரட்டைப் புலவருள் ஒருவர் வெண்பாவின் முற்பகுதியைப் பாட, மற்றவர் பிற்பகுதியைப் பாடி முடிப்பர் என்பது வழக்கு. அங்கு அவரவர் பங்கு அடியளவில் பிரிந்து நிற்கிறது. திரைப்பாடலில் அவ்வாறு கோடு கிழிக்க இயலாது. மெட்டு, இடையிசை, கருவித்தேர்வு, பாடகர்க்குப் பயிற்றுதல் ஆகியன ஒன்றனுள் ஒன்று கலந்தே பாடலாகின்றன. எனவேதான் பிரிவிற்குப் பிந்தைய பணிகளைச் சான்றாகக் கொள்ளும் நிலை ஏற்படுகிறது.

விசுவநாதனின் தனிவழி

மெட்டு விசுவநாதனுடையது, கருவியிசைக் கோவை இராமமூர்த்தியுடையது என்பது பரவலான பாகுபாடு. இப்பாகுபாடு உண்மையாயின், பிரிவிற்குப் பின் விசுவநாதனின் கருவியிசை நலிந்திருத்தல் வேண்டும். ‘அன்பே வா’ (1966), ‘உலகம் சுற்றும் வாலிபன்’ (1973) ஆகிய படங்களின் விரிந்த மேலைக் கருவியிசை அதனை மறுக்கிறது.

திரைக்கு வெளியே அவர் ஆற்றிய பணியும் கருதத்தக்கது. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பெ.சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ (1891) படிப்பதற்கென எழுதப்பட்ட நாடகம். அதன் வாழ்த்துப்பா 1970இல் தமிழக அரசின் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்கப்பட்டபோது, விசுவநாதன் அதனை மோகன இராகத்தில் திச்ர நடையில் அமைத்தார். ஐந்தே சுரங்கள் கொண்ட அவ்விராகம், இசைப்பயிற்சி இல்லாத மாணவரும் கூடிப் பாடுதற்கு ஏற்றது. ஏட்டுப்பாடல் மக்கள் பாடலாக மாறியதில் இத்தேர்வின் பங்கு பெரிது.

இராமமூர்த்தியின் தனிவழி

மேற்கண்ட பாகுபாட்டின்படி இராமமூர்த்திக்கு மெட்டமைக்கும் ஆற்றல் குறைவாக இருத்தல் வேண்டும். ‘மறக்க முடியுமா’ (1966) படத்தில் மு.கருணாநிதி எழுதி, பி.சுசீலா பாடிய பாடல் இதற்கு மறுப்பாகும். அப்பாடலின் உருக்கம் முதன்மையாக மெட்டினின்றே பிறக்கிறது. ஒருவரின் சொல்லுக்கு ஒருவர் 1966இல் இசையமைக்க, அவரே முதலமைச்சராக இருந்த காலத்து அரசு ஏற்ற வாழ்த்துக்கு மற்றவர் 1970இல் இசையமைத்தது ஒப்புநோக்கத்தக்கது.

வேறுபாடு ஆற்றலில் இல்லையெனில் வேறெங்கே உள்ளது? ‘சாது மிரண்டால்’, ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’ (1966), ‘ஆலயம்’ (1967) ஆகியன திருமலை – மகாலிங்கம் இயக்கியவை. ‘நான்’ (1967), ‘மூன்றெழுத்து’ (1968), ‘தங்கச்சுரங்கம்’ (1969) ஆகியன டி.ஆர்.இராமண்ணா இயக்கியவை. இராமமூர்த்தியின் குறிப்பிடத்தக்க வாய்ப்புகள் பெரும்பாலும் இவ்விரு வட்டங்களுக்குள் அமைந்தன. விசுவநாதனுக்கோ எம்.ஜி.ஆர். படங்கள், கே.பாலசந்தரின் படங்கள், கண்ணதாசனின் தோழமை எனப் பல வாயில்கள் திறந்திருந்தன. ஆர்மோனியத்துடன் கவிஞர் எதிரே அமர்ந்து, தாமே பாடிக்காட்டும் அவர்தம் இயல்பு அவ்வாயில்களைக் காத்தது. ‘பணிதீராத்த வீடு’ (1973) என்னும் மலையாளப் படத்தில் அவர் பாடிய பாடல் கேரளத்தில் நிலைத்த புகழ் பெற்றது.

முடிவுரை

படங்களின் எண்ணிக்கை வாய்ப்பின் அளவேயன்றிப் படைப்பாற்றலின் அளவன்று. இருவரும் இசையமைப்பின் முழுமையையும் அறிந்தவர்கள் என்பதையே தனிவழிப் பணிகள் காட்டுகின்றன. 1995இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்தில் இருவரும் மீண்டும் இணைந்தனர். அதற்குள் திரையிசையின் செய்முறையே மாறிவிட்டமையால் அதனைப் பழைய இணைவிற்கு அளவுகோலாக்க இயலாது. இந்தியில் 1971இல் ஜெய்கிஷன் மறைந்த பின்னரும் சங்கர் இருவர் பெயரிலேயே இசையமைத்தார். தமிழிலோ இருவர் செய்த பாடல்கள் ஒருவர் பெயரில் வழங்குகின்றன. 2012இல் தமிழக அரசு இருவரையும் ஒருங்கே சிறப்பித்தது. இராமமூர்த்தி 2013இலும் விசுவநாதன் 2015இலும் மறைந்தனர். 1952 முதல் 1965 வரையிலான பாடல்களைத் தொகுப்போரும் ஆய்வோரும் இருவர் பெயரையும் குறித்தல் வரலாற்று நேர்மையாகும்.