விகுதியும் வைத்தியமும்: திருநர் எழுத்துகள் பற்றிய ஒரு நோக்கு

மனிதரை எச்சொல்லாற் சுட்டுவது, அச்சொல்லுக்கு எவ்விகுதி கொடுப்பது என்பன இலக்கண வகுப்பறையோடு நின்றுவிடும் வினாக்களாகவே பொதுவாகக் கருதப்படுகின்றன. ஆனால், வைத்தியசாலையிலே நோயாளரின் பெயரை அழைக்கும் ஊழியரும் இதே வினாவுக்கே விடையளிக்கின்றார். பெண்ணாகத் தன்னை உணர்ந்து, பெண்ணுடையில் வந்து வரிசையில் அமர்ந்திருக்கும் இளையவர் ஒருவரை, அடையாள அட்டையிலுள்ள ஆண் பெயரால் பலர் முன்னிலையில் உரத்து அழைப்பதாகக் கொள்வோம். அவர் எழுந்து வைத்தியரிடம் செல்வாரா, வாயிலை நோக்கி நடப்பாரா என்பதை அவ்வழைப்பே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றது. காய்ச்சலுக்கு மருந்து பெற வந்தவராயின் வேறிடம் நாடலாம். எச்.ஐ.வி. தொற்றுக்குள்ளானவருக்கோ சிகிச்சை வாழ்நாள் முழுவதும் தொடர்வது. மருந்து நாள்தோறும் உட்கொள்ளப்பட வேண்டியது. அவர் அதே வாயிலுக்கு ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும். ஒருமுறை நேர்ந்த அவமதிப்பு அவ்வருகையை நிறுத்திவிடப் போதுமானது.

இவ்வினா எத்துணைப் பாரதூரமானது என்பதைச் சில எண்கள் உணர்த்தும். பதினைந்து நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2013 இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று, பரிசோதிக்கப்பட்ட திருநங்கையருள் 19.1 வீதமானோர் எச்.ஐ.வி. தொற்றுடையோர் எனக் கண்டது. இந்தியாவில் 2014–15 காலப்பகுதியில் மேற்கொள்ளப்பட்ட தேசியக் கணிப்பில் அவ்வீதம் 7.5 ஆக இருந்தது; அந்நாட்டு வயதுவந்தோரிடையே பொதுவாகக் காணப்பட்ட வீதமோ 2015 இல் 0.26 மட்டுமே. மறுபுறத்தில், மருந்து வலிமை பெற்றுவிட்டது. ஒழுங்காக மருந்துண்டு, குருதியில் வைரசின் அளவு கண்டறிய முடியாதவாறு குறைந்துவிட்ட ஒருவரிடமிருந்து பாலுறவின் வழியாகத் தொற்றுப் பரவுவதில்லை என்பது கடந்த தசாப்தத்து ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது. இந்தியாவிலும் இலங்கையிலும் அம்மருந்து அரசாங்கத்தால் இலவசமாகவே வழங்கப்படுகின்றது. மருந்தும் உண்டு, அதனைப் பெற வேண்டியவரும் உளர் எனின், இடையில் நிற்பது யாது? வைத்திய அறிக்கைகள் இதற்கு அரைகுறையான விடையையே தருகின்றன. எஞ்சிய பாதியைத் தமிழிலே திருநர் எழுதிய எழுத்துகளிற் காணலாம் என்பதே இங்கு வற்புறுத்தப்படுவது.

தமிழிலக்கண மரபு இவர்களைப் புறக்கணித்த மரபன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயரை உயர்திணைக்குள்ளேயே வைக்கின்றது. அப்பெயர்க்குத் தனக்கென ஓர் ஈறு இல்லை எனக் கூறும் அவ்வியல், பிறிதோரிடத்தில் ஆண்பாலை உணர்த்தும் முடிபு அதற்குப் பொருந்தாது எனவும் விதிக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த நன்னூல் மேலும் ஒரு படி சென்று, பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலிலும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலிலும் அடக்குகின்றது. இங்கு பாலை வரையறுக்கும் அளவுகோல் உடலுறுப்பன்று, அவாவுதலே என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆயின் அதே நூற்பா, இவ்விரு சாராரும் அஃறிணையை ஒத்தும் வழங்கப்படலாம் என இறுதியில் ஒரு வாயிலையும் திறந்துவிடுகின்றது. தொல்காப்பியர் உயர்திணையுள் நிறுத்திய ஒருவரை ‘அது’ என்று சுட்டவும் இலக்கணம் இடந்தந்தமை, சமூக வழக்கு இலக்கணத்தினுள் புகுந்தமையைக் காட்டுகின்றது எனலாம். மரபைப் போற்றுவோர் முதற்பகுதியை மட்டும் எடுத்துக்காட்டிப் பெருமை கொள்வது நேர்மையான திறனாய்வாகாது. இன்று தெருவிலும் வைத்தியசாலையிலும் ஒலிப்பது பெரும்பாலும் அவ்விறுதிப்பகுதியே.

சொற்களின் பிற்கால வரலாறும் இதனையே உணர்த்தும். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் ஒன்றன் பெயராக அமைந்த ‘பேடு’ என்னுஞ் சொல் வழக்கொழிய, ‘அலி’, ‘ஒன்பது’ முதலியன இழிசொற்களாக நிலைத்தன. கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் அலி என்பது நான்காம் கலீபாவின் திருநாமம். மதிப்போடு பிள்ளைகளுக்கு இடப்படும் பெயர். அவ்வொலியையே ஏளனத்துக்கும் பயன்படுத்தும் வழக்கு அம்மண்ணுக்கு இருமடங்கு பொருந்தாதது. தமிழ்நாட்டிலே கூவாகத்துக் கூத்தாண்டவர் வழிபாட்டை அடியொற்றி ‘அரவாணி’ என்னுஞ் சொல் பரவியது. 2008 ஏப்ரிலில் அம்மாநில அரசு அமைத்த நலவாரியம் முதலில் அப்பெயரையே தாங்கிற்று. பின்னர் ‘திருநங்கை’, ‘திருநம்பி’ என்பனவும், இருசாராரையும் அடக்கும் ‘திருநர்’ என்பதும் நிலைபெற்றன. ஒரு சமூகம் தன்னைத் தானே பெயரிட்டுக்கொள்ள முயன்ற வரலாறு இது. இதனை வெறும் சொல்லலங்காரம் எனத் தள்ளுவோர், பெயரின்மையால் விளையும் துன்பத்தை அறியாதோர் ஆவர்.

நவீன இலக்கியத்தில் இவ்வாழ்வை விரிவாக எடுத்தாண்ட முன்னோடி நாவல்களுள் சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ குறிப்பிடத்தக்கது. தொண்ணூறுகளின் முற்பகுதியில் எழுந்த இந்நாவலின் தலைமைப் பாத்திரமான சுயம்பு, பொறியியல் கற்கும் மாணவர். கல்லூரியும் குடும்பமும் அவரை எவ்வாறு படிப்படியாக வெளியே தள்ளின என்பதைப் பரிவோடு காட்டியமை ஆசிரியரின் சாதனை. எனினும் அப்பரிவு வெளியே நிற்பவரின் பரிவு. பாத்திரம் எதை உணர்ந்தது என்பதை ஆசிரியரே எடுத்துக் கூறி, வாசகரின் இரக்கத்தை நாடுகின்றார். இரக்கம் கதவைத் திறக்கும். ஆனால் உள்ளே வந்தவரைச் சமமாக அமரச் செய்வதில்லை. வைத்தியத் துறையிலும் இதே குறைபாடு உண்டு. இரங்கத்தக்கவர் எனக் கருதப்படும் நோயாளர் வினவுவதற்கோ மறுப்பதற்கோ உரிமையுடையவராகக் கருதப்படுவதில்லை.

இந்நிலை தன்வரலாறுகளின் வருகையோடு மாறிற்று. அ. ரேவதி தமிழ்நாட்டு அரவாணிகளின் வாழ்க்கைக் கூற்றுகளைத் தொகுத்த ‘உணர்வும் உருவமும்’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’ (2007), ரேவதியின் தன்வரலாறான ‘வெள்ளை மொழி’ (2011) ஆகியன இவ்வகையில் முதன்மை பெறுவன. வித்யாவின் நூற்பெயரிலேயே தந்தையிட்ட பெயரும் தானேற்ற பெயரும் அருகருகே நிற்கின்றன. நூலின் போராட்டமும் அவ்விரு பெயர்களுக்கிடையிலானதே. முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவர் புனே நகரில் தொடருந்துகளிற் கையேந்த நேர்ந்ததையும், பின்னர் ஆவணங்களிற் பெயரை மாற்றுவதற்கு நெடுங்காலம் அலைந்ததையும் அவர் மிகையின்றிக் கூறுகின்றார். ரேவதியின் நூல் வீட்டையும் தெருவையும் மாறிமாறிக் காட்டுவது. உடன்பிறந்தாரின் அடி, பொலிசாரின் வன்முறை, பாலியல் தொழில், குடும்பச் சொத்தில் தனக்குரிய பங்கு பற்றிய பிணக்கு ஆகியன அதில் ஒரே குரலிற் பேசப்படுகின்றன. தன்னைத் துன்புறுத்திய குடும்பத்தை அவர் முற்றாகத் துறப்பதில்லை. மீண்டும் மீண்டும் அங்கே திரும்புகின்றார். இத்திரும்புதலே நூலின் ஆழமான பகுதி.

இவ்வெழுத்துகளில் முதன்மை பெறுவது நோயன்று. வீடும் பெயரும் தொழிலும் உடலுமே. இதனைக் குறையாகக் கொள்ளலாகாது. 1986 இல் சென்னையில் சுனிதி சொலமனும் அவரின் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை முதன்முதலாகக் கண்டறிந்த பின்னர், அரசின் பார்வை திருநங்கையர் மீது பெருமளவில் விழுந்தது நோயின் பொருட்டே. தடுப்புத் திட்டங்களின் நிதியால் அமைப்புகள் வலுப்பெற்றன. பலர் பொதுவெளியில் பேசவும் வழி பிறந்தது. அந்நன்மையை மறுத்தல் தகாது. ஆயினும், ஆபத்துக்குரிய குழு என்னும் ஒரே பெயரின் கீழ் ஒரு முழு வாழ்வு சுருக்கப்பட்டது. ஆணுறை எத்தனை வழங்கப்பட்டது, எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டனர் என எண்ணிய படிவங்களில், பதினாறு வயதில் வீட்டைவிட்டு வெளியேறிய பிள்ளை இரவு எங்கே உறங்கிற்று என்ற வினாவுக்கு இடமிருக்கவில்லை. தன்வரலாறுகள் அவ்வினாவையே முதலில் எழுப்புகின்றன. உறங்க இடமில்லாதவரால் மருந்துப் போத்தலைப் பாதுகாக்கவோ, நாள்தோறும் வேளை தவறாது உட்கொள்ளவோ இயலாது. ஆகவே, நோயைப் பற்றி அதிகம் பேசாத இந்நூல்களே நோய்ச் சிகிச்சை ஏன் அறுபடுகின்றது என்பதைத் தெளிவாக விளக்குகின்றன.

இவ்வுண்மையை உணர்ந்த முயற்சிகள் சில உள. சென்னையில் 1998 இல் தொடங்கப்பட்ட ‘சகோதரன்’ போன்ற அமைப்புகள், சமூகத்தவரையே ஊழியராகக் கொண்டு அவர்களுடைய நம்பிக்கையைப் பெற முயன்றன. ஹைதராபாத்தில் 2021 இல் திறக்கப்பட்ட ‘மித்ர’ சிகிச்சை நிலையத்தில் திருநரே வைத்தியராகவும் ஆலோசகராகவும் பணியாற்றினர்; எச்.ஐ.வி. சிகிச்சையோடு ஹோமோன் சிகிச்சையும் உளவள ஆலோசனையும் ஒரே கூரையின் கீழ் வழங்கப்பட்டன. இவ்விணைப்பு முக்கியமானது. வைரசு எதிர்ப்பு மருந்து ஹோமோனின் பயனைக் கெடுத்துவிடுமோ என அஞ்சி, அதனைக் கைவிடும் திருநங்கையர் உளர். இன்று வழக்கிலுள்ள மருந்துகள் பெரும்பாலும் அவ்வாறு செய்வதில்லை என்பதை, இரண்டையும் ஒருங்கே அறிந்த வைத்தியரே நம்பத்தக்கவாறு எடுத்துரைக்க முடியும். ஆனால் 2025 இன் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் நிதியுதவி நிறுத்தப்பட்டபோது அந்நிலையம் மூடப்பட நேர்ந்தது. பின்னர் உள்நாட்டு நிதியைக் கொண்டு வேறு பெயரில் அது மீளத் தொடங்கிற்று. அயலார் கொடையில் தங்கிய பராமரிப்பு எத்துணை நொய்மையானது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

இவற்றை நிந்தவூரோடு பொருத்தி நோக்குதல் வேண்டும். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலோரமாக நெருங்கி அமைந்த இவ்வூர்களில் ஒருவரையொருவர் அறியாதார் அரியர். பெருநகரின் முகமறியாமை தரும் பாதுகாப்பு இங்கு இல்லை. சிகிச்சை நிலையத்தின் வாயிலில் நிற்பவரைக் கண்ட செய்தி, அவர் வீடு திரும்புமுன் வீட்டை அடைந்துவிடும். மேலும், தாய்வழிக் குடிமரபு நிலவும் இக்கரையில் வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது வழக்கம். மகன் மணமுடித்து மனைவி வீடு செல்கின்றான். மகனாகப் பிறந்தவர் எனக் கருதப்பட்டு, மகனாக மணமுடிக்க இயலாதவராகவும், மகளாக ஏற்கப்படாதவராகவும் உள்ள ஒருவருக்கு இம்மரபில் வீடு எது? ரேவதியின் சொத்துப் பிணக்கு இங்கே இன்னும் கூர்மையான வடிவிற் தோன்றும். வீடிழந்தவர் கொழும்பு நோக்கிச் செல்வாராயின், தாய்மொழியிற் பேசி மருந்து பெறும் வாய்ப்பையும் இழத்தல் கூடும்.

சட்டநிலையும் இரட்டைத் தன்மையுடையது. சுகாதார அமைச்சின் 2016 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, மனநல வைத்திய நிபுணரின் மதிப்பீட்டின் பின் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வழங்கவும், அதனைக் கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்தவும் வழிசெய்தது. அதே நாட்டில், 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் குடியேற்றவாத ஆட்சியின் எச்சமாகத் தொடர்ந்தன. அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் 2023 இல் கருத்துரைத்தது. சான்றிதழ் பெறும்வரை காத்திருக்குமாறு நோயிடம் கூற முடியாது. பெயர் சட்டப்படி மாறுமுன்னரே சிகிச்சை தொடங்கியாக வேண்டும். ஆதலின் சட்டம் தரத் தாமதிக்கும் மதிப்பை வைத்தியசாலைப் பதிவேடு முற்படத் தர வேண்டியதாகின்றது.

மார்க்கப்பற்று மிக்க ஊர்களில் இவ்வினாவை எழுப்புதல் தகாது என்பாரும் உளர். இம்மக்கள் தழுவும் ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர்களுள் ஒருவரான இமாம் நவவி, நன்னூல் எழுந்த அதே பதின்மூன்றாம் நூற்றாண்டில், ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில், நடையிலும் பேச்சிலும் பெண்தன்மையைப் பிறவியியல்பாகக் கொண்டோரையும் அதனைப் புனைந்து மேற்கொள்வோரையும் வேறுபிரித்து, முன்னையோர் மீது குற்றமில்லை என உரைத்துள்ளார். பால்மாற்றச் சிகிச்சை பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேற்றுமைகள் உள. அவற்றைத் தீர்ப்பது இலக்கியத் திறனாய்வின் பணியன்று. ஆனால் அவ்வேற்றுமைகளுள் எதுவும் நோயுற்ற பிள்ளையை வாயிலில் வைத்து இழிவுசெய்ய உரிமை தருவதில்லை. நன்னூலார் ‘அவாவுதல்’ என்றதையும் நவவி ‘பிறவியியல்பு’ என்றதையும் ஒன்றெனக் கொள்ளல் பிழையாகும். எனினும், ஏளனத்துக்கு முன் வேறுபாட்டை ஆராய்ந்த நிதானம் இருவர்க்கும் பொதுவானது.

திருநர் எழுத்துகளைப் பாடத்திட்டத்தில் சேர்த்து இரக்கத்துக்குரிய இலக்கியமாகப் பயிற்றுவித்தல் மட்டும் போதாது. அவை வைத்தியம், தாதியியல், சமூகவியல் பயிலும் மாணவராலும் படிக்கப்படல் வேண்டும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தமிழ் மாணவர் கற்கும் இலக்கணத்துக்கும், சில கட்டை தூரத்திலுள்ள வைத்தியசாலைகளின் தமிழ்ப் படிவங்களுக்கும் தொடர்பு ஏற்படுத்துவது இயலாத காரியமன்று. நோயாளர் விரும்பும் பெயரை எழுதப் படிவத்தில் ஒரு கோடு. உரத்துப் பெயரழைப்பதற்குப் பதிலாக எண். பால் ஐயுறும் இடத்து ‘அவர்’ என்னும் பலர்பாற் சொல்: இவற்றுக்கு வெளிநாட்டு நிதி வேண்டியதில்லை. வீடும் தொழிலும் பாதுகாப்பும் இவற்றால் மட்டும் கிடைத்துவிடா என்பது உண்மையே. ஆயினும் அடுத்த மாதமும் அவ்விளையவர் மருந்துக்கு வருவாராயின், ஏனையவற்றைப் பற்றி அவரிடமே கேட்டறிய வாய்ப்பிருக்கும்.