வெளிர் சாம்பலில் ஒரு பச்சைக் கோடு

"கருப்பு அடிச்சிருங்கண்ணே, அழுக்கே தெரியாது" என்றார், பழனிசெட்டிபட்டியில் என் ஜென்னைப் பார்க்கும் மெக்கானிக் தம்பி. அதே காரணத்துக்காகத்தான் எனக்குக் கருப்பு வேண்டாம்.

மாருதி ஜென்னைப் பற்றிப் புதிதாக என்ன சொல்ல! 1993-இல் வந்த கார், 993 சிசி, முழு அலுமினிய எஞ்சின். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இன்றைக்கும் சலிக்காமல் ஏறுகிற வண்டியை விற்க எனக்கு மனம் வரவில்லை. இன்டேக் மேனிஃபோல்டில் மரை போய்விட்டதால் காயலான் கடையில் வேறொன்று எடுத்தேன். எண்ணெய்ப் பிசுக்கும் வெள்ளை வெள்ளையாய் உப்புமாக இருந்தது.

முதலில் சைலன்சருக்கு அடிக்கும் சில்வர் ஸ்ப்ரே அடித்தேன். 600 டிகிரி தாங்குமாம். இரண்டே வாரத்தில், பெட்ரோல் பட்ட இடமெல்லாம் துணியோடு வந்துவிட்டது. பெயின்டைக் குறை சொல்ல மாட்டேன். அது இறுகவே 200 டிகிரி பக்கம் சூடு வேண்டும். இன்டேக் பக்கம் அந்தச் சூடு எங்கே வரும்? குழாய்க்குள் போவது வெளிக்காற்று, ஒட்டி ஓடும் கூலன்டோ 90 டிகிரி சுமார். வேகாத மாவாகவே கிடந்தது பெயின்ட். எக்ஸாஸ்டுக்கு ஏற்றதை இன்டேக்குக்கும் அடிக்கச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு.

அனோடைசிங் இந்த வார்ப்புக்கு ஒத்துவராது. சிலிக்கான் அதிகம், திட்டுத்திட்டாகக் கருக்கும். பாலிஷ் போட்டால் சீக்கிரமே மங்கிவிடும்.

கடைசியில் மதுரையில் பவுடர் கோட்டிங், வெளிர் சாம்பல். இதில் மூன்று விஷயத்தில் பிடிவாதமாக நின்றேன். பழைய வார்ப்பு எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும். பவுடர் போடுமுன் வெறுமனே ஒருமுறை அடுப்பில் வைத்து அதைக் கக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் பவுடர் உருகும்போது கொப்புளித்து ஊசித்துளை விழும். கேஸ்கட் உட்காரும் முகத்தையும் மரைகளையும் மூடித்தான் பவுடர் தூவ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, துருவும் அழுக்கும் போக மணல் அடிக்கும் பிளாஸ்டிங் முடிந்ததும் குழாய்களுக்குள் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, காற்றடித்து, விரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். உள்ளே தங்கிய ஒரு சிட்டிகை மணல் போதும், சிலிண்டரைக் கீறிவிடும். நான் மூன்று முறை கழுவினேன். மூன்றாம் முறையும் விரலில் இரண்டு மணி ஒட்டியது. நான்காவது முறை கழுவிய பிறகுதான் மாட்ட விட்டேன்.

ஆறு வாரம் ஓட்டியாயிற்று. பெட்ரோல் பட்டும் பளபளப்பு குறையவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல. ஒருநாள் காலையில் பானட்டைத் திறந்தபோது, தண்ணீர் வழிக்குக் கீழே, சாம்பல் நிறத்தின் மேல் நூல் கனத்தில் பச்சையாக ஒரு கோடு. கூலன்ட்! டேங்கில் அளவு இன்னும் இறங்கவில்லை, டெம்பரேச்சர் முள்ளும் அசையவில்லை. கருப்பாக இருந்திருந்தால் முள் ஏறும்வரை கண்ணில் பட்டிருக்காது. அதற்குள் அலுமினிய ஹெட் வளைந்திருக்கும். கழற்றிப் பார்த்தால், உப்பு அரித்த குழி ஒன்று கேஸ்கட் முகத்தில். பூச்சிலேயே கண்ணாக இருந்துவிட்டு, பூசாத முகத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

லேத்தில் முகத்தைச் சீவி, புது கேஸ்கட் போட்டோம். மறுபடி போடிமெட்டு ஏறி இறங்கி, வரும் வழியில் முல்லைப் பெரியாற்றங்கரையில் நிறுத்தி பானட்டைத் தூக்கினேன். அந்த இடத்தை வெள்ளைத் துணியால் ஒற்றியெடுத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது.