கோபுலு: விட்ட இடங்கள்

கோபுலு விஷயத்தில் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு ஒரு அலட்சியம் இருந்து வந்திருக்கிறது. ஜனரஞ்சகப் பத்திரிகையின் படக்காரர், பிறகு விளம்பரக்காரர். ஆகவே நம் பார்வைக்கு வெளியே. ஓவியம் என்றால் ஆதிமூலம் என்று நிறுத்திக்கொண்டோம். ஆதிமூலத்தின் எழுத்துகள் நம் அட்டைகளுக்கு ஒரு முகம் கொடுத்தது உண்மை. ஆனால் தமிழ் அச்சுப் பக்கத்தில் வெற்றிடத்தைப் பேசவைத்தது யார் என்று கேட்டால், பதில் நமக்கு அசௌகரியமான இடத்தில் இருக்கிறது.

தஞ்சாவூரில் 1924இல் பிறந்த கோபாலன் ஓவியம் படித்தது இங்கே, கும்பகோணத்தில். 'கோபுலு' மாலி வைத்த பெயர். 1941 தீபாவளி மலரில் தொடக்கம். 1945இலிருந்து 1963 வரை ஆனந்த விகடன் உத்தியோகம். அதே பத்திரிகையில் கோயில்களை வரைந்த சில்பி, தூணின் ஒரு மடிப்பைக்கூட விடமாட்டார். கோபுலு விட்டார். எதை விடலாம் என்பதில்தான் அவருடைய பிரக்ஞை முழுதும் இயங்கியது. வார்த்தையே இல்லாத அவருடைய ஹாஸ்யச் சித்திரங்களைப் பார்க்கவேண்டும். தாராசுரத்து நாயன்மார் குறுஞ்சிற்பங்களுக்குக்கூடப் பெயர்ப் பொறிப்பு தேவைப்பட்டிருக்கிறது. கோபுலுவின் மனிதனுக்கு அது வேண்டியதில்லை. தோளின் சரிவு, துண்டு கிடக்கும் கோணம் போதும்; ஆள் எந்தத் தெரு, என்ன வருமானம் என்பது வரை தெரிந்துவிடும். (கவுண்டருக்கு அப்பால் தினமும் இவர்களைப் பார்க்கிற எனக்கு இது சற்று அதிகமாகவே தெரிகிறது.) பிற்காலத்தில் பக்கவாதத்தால் வலது கை செயலிழந்தபோது இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். விரல் லாவகத்தை மட்டும் மெச்சுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

'தில்லானா மோகனாம்பாள்' வேறு விஷயம். கொத்தமங்கலம் சுப்புவின் தொடரில் சண்முகசுந்தரத்துக்கும் மோகனாவுக்கும் இவர் கொடுத்த முகங்கள், வாசகனின் கற்பனைக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டன. நாவலாக அது பலவீனமானது. சித்திரம் அந்தப் பலவீனத்தை மறைத்தது. 1968இல் திரைப்படம் வந்தபோது சிவாஜியும் பத்மினியும் இந்தக் கோடுகளோடும் போட்டியிட வேண்டியிருந்தது.

1963இல் விளம்பரத் துறைக்குப் போனார். 1972இல் 'ஆட் வேவ்' என்று சொந்த நிறுவனம். இதைக் கலைஞனின் வீழ்ச்சி என்பது சோம்பேறி விமர்சனம். விகடன் பக்கமும் விற்பனைக்குத்தானே இருந்தது? விளம்பரத்தில் நேர்ந்தது வேறு. அங்கே வெற்றிடம் காசு கொடுத்தவனுடையது. அளந்து வாங்கிய இடத்தை வெறுமனே விட எந்த முதலாளிக்கு மனம் வரும்? கோபுலுவின் ஆயுதத்துக்கே வாடகை கேட்கும் இடம் அது.

கூடவே கையெழுத்தும் போயிற்று. பெயர் பொறிக்காத சிற்பிகளின் மரபு என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. பெயர் தெரியாததால் அந்தச் சிற்பிகளில் ஒருவனைப் பற்றிக்கூடத் தனியாக ஒரு விமர்சனம் எழவில்லை. 2015இல் மறைந்த கோபுலுவின் விளம்பரப் பணிக்கும் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. விகடன் தொடர்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்த வீடுகள் தஞ்சை ஜில்லாவில் இன்னும் உண்டு. விளம்பரத்தை யார் பைண்டு செய்தார்கள்?