குற்றவாளி இறந்த பிறகு: 'சேக்ரட் கேம்ஸ்' நாவலை எப்படி ரசிப்பது

துப்பறியும் நாவல் என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுபவர் தமிழ்வாணனின் சங்கர்லாலைப் போன்ற ஒருவர். தேநீர் அருந்தியபடியே புதிரை அவிழ்க்கும் அத்தகைய மேதையை எதிர்பார்த்து, விக்ரம் சந்திரா 2006இல் வெளியிட்ட 'சேக்ரட் கேம்ஸ்' என்னும் ஆங்கில நாவலைத் திறப்பவர் விரைவில் ஏமாறுவார். தொள்ளாயிரம் பக்கமளவில் நீளும் இந்நூலின் நாயகன் சர்தாஜ் சிங், மும்பைப் பொலிஸில் இன்ஸ்பெக்டராக இருக்கும் சீக்கியன். நாற்பதைத் தாண்டியவன், மணமுறிவு பெற்றவன், கையூட்டு வாங்குபவன், விசாரணையில் கைநீட்டத் தயங்காதவன். மாடியிலிருந்து வீசப்பட்ட நாயொன்றைச் சுற்றிய கணவன் மனைவி சண்டையுடன் நாவல் தொடங்குவதால், பெரிய வழக்கும் அற்ப வழக்கும் ஒரே மேசையில் கிடக்கும் உலகம் இது என்பது முதலிலேயே தெரிந்துவிடுகிறது.

இவ்வகை எழுத்தைப் பொலிஸ் நடைமுறை நாவல் எனலாம். அதாவது, தனியொருவரின் மதிநுட்பத்தை விடுத்து, நிலையம், பதவிப்படி, துப்புக் கொடுப்போர், மேலதிகாரியின் தயவு ஆகியன சேர்ந்து ஒரு வழக்கை நகர்த்தும் விதத்தைக் காட்டும் நாவல். அமெரிக்காவில் எட் மெக்பெயின் 1956இல் தொடங்கிய 87ஆம் பொலிஸ் பிரிவு வரிசை இதற்குப் பாதை போட்டவற்றுள் ஒன்று. சந்திரா அப்பாதையில் சிறிது தூரமே செல்கிறார். நிழலுலகத் தலைவன் கணேஷ் கைதொண்டே நாவலின் தொடக்கத்திலேயே தன் கொங்கிறீற்றுப் பதுங்கறையில் இறந்துவிட, அதன் பின்னர் அவனே தன்மையில் தன் கதையைச் சர்தாஜுக்குச் சொல்லத் தொடங்குகிறான். ஆகவே, யார் செய்தது என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, இறந்தவனின் வீறாப்பையும் உயிரோடிருப்பவனின் களைப்பையும் மாறிமாறிக் கேட்பதே வாசகருக்கு வேண்டிய பயிற்சி.

இடையிடையே, பாத்திரங்களின் பழைய வாழ்வைச் சொல்லும் தனி அத்தியாயங்கள் செருகப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று சர்தாஜின் தாயினுடைய சிறுபராயத்தையும் 1947ஆம் ஆண்டுப் பிரிவினையையும் பற்றியது. அவசரக்காரர் இவற்றைத் தாண்டிச் செல்வர். ஆனால், என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்து அளவெட்டியில், ஆலாபனை நீளுவதை எவரும் தாமதம் என்று சொல்வதில்லை. அந்தச் செவியோடு அணுகினால், கொலையும் கடத்தலும் எந்தப் பழைய காயங்களிலிருந்து கிளைத்தன என்பது இவ்வத்தியாயங்களிலேயே புலப்படும்.

மொழியையும் கவனிக்க வேண்டும். பம்பாய்த் தெருச் சொற்களைச் சந்திரா பெரும்பாலும் விளக்காமலே விடுகிறார். 'சுபாரி' என்பது நேர்ப்பொருளில் பாக்கு. நிழலுலகில் கூலிக்குக் கொலை செய்ய ஏற்கும் ஒப்பந்தம். வெற்றிலை பாக்கு வைத்து மேளகாரரைத் திருவிழாவுக்குப் பேசும் யாழ்ப்பாணத்தவருக்கு, அதே பாக்கு இன்னோர் ஊரில் எதைப் பேசி முடிக்கிறது என்பது சற்றே நடுக்கம் தரும். 'என்கவுண்டர்' என்பது பிடிபட்டவரையோ தேடப்படுபவரையோ பொலிஸார் சுட்டுக் கொன்றுவிட்டு, அதை மோதலாகக் கணக்குக் காட்டுவது. இலங்கை வாசகருக்கு இதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது.

அளவெட்டியில் பிறந்த கவிஞர் மகாகவி, து. உருத்திரமூர்த்தி, தம் காவியமொன்றுக்கு 'ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்' என்று பெயரிட்டவர். காவியத் தலைமை சாதாரணனுக்கும் உரியது என்ற அந்தத் துணிவைக் கொண்டு பார்த்தால், இந்நாவலில் மிகச் சிறந்த பகுதிகள் அணுகுண்டால் மாநகரை அழிக்க ஒரு சாமியார் தீட்டும் சதியைச் சொல்லும் பகுதிகள் அல்ல என்பது விளங்கும். அவை திரைப்பட வேகத்தில் ஓடி, சற்று மெலிந்தும் போகின்றன. சர்தாஜுடன் பணிபுரியும் கான்ஸ்டபிள் காட்டேகரின் நெருக்கமான சிறு வீடு, அவன் மனைவி ஷாலினி, பிள்ளைகளின் படிப்புச் செலவு ஆகியவற்றைச் சொல்லும் பக்கங்களே நெஞ்சில் தங்குகின்றன. மாநகரை அழிக்கவிருந்த பெருஞ்சதி அவனைக் கொல்லவில்லை. நாவலின் நடுவே, செய்தித்தாளின் மூலையில் அடங்கிவிடக்கூடிய ஒரு கைது முயற்சியில் அவன் இறக்கிறான். அந்த இடத்தில் புத்தகத்தைச் சிறிது நேரம் மூடிவைப்பது நல்லது. மீண்டும் திறக்கும்போது, சர்தாஜ் அந்த வீட்டுக்கு எப்போதெல்லாம் போகிறான், அங்கே எதைப் பேசாமல் திரும்புகிறான் என்பதைப் பார்த்துக்கொண்டே போகலாம். குண்டு கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் நகரம் எதையும் அறியாமல் நெரிசலில் நகர்ந்துகொண்டிருக்க, அவன் வழக்கம்போல் நிலையத்துக்கு வேலைக்குப் போகிறான்.